கூடுகளை எண்ணும் விமானம்

உராங்குட்டான் நாள்தோறும் தனக்குப் புதிதாகப் படுக்கை கட்டிக்கொள்ளும் வாலில்லாக் குரங்கு. மரத்தின் உயரத்தில் கிளைகளை வளைத்து முறித்து, மேலே இலைகளைப் பரப்பி, இரவு அதில் உறங்கும். மறுநாள் பெரும்பாலும் வேறு மரம், வேறு கூடு. கைவிட்ட கூடு உடனே அழிவதில்லை. காய்ந்து பழுப்பேறி மாதக்கணக்கில் கிளையிலேயே கிடக்கும். விலங்கு கண்ணில் படுவது அரிது என்பதால், ஆய்வாளர்கள் கூடுகளை எண்ணித்தான் காட்டில் எத்தனை உராங்குட்டான்கள் உள்ளன என்று கணக்கிடுகிறார்கள்.

அந்த எண்ணிக்கைக்காக அட்டை கடிக்க, சேற்றிலும் சரிவிலும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்க வேண்டும். சுமத்திராவில் இரண்டாண்டுக் கணக்கெடுப்பு ஒன்றுக்கு 2,50,000 டாலர் வரை ஆனதுண்டு.

2012இல் லியான் பின் கோ, செர்ஜ் விச் என்ற இரு அறிவியலாளர்கள் வடக்கு சுமத்திராவின் ஆராஸ் நாப்பாலில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். பொழுதுபோக்குக்காக விற்கப்படும், தெர்மகோல் போன்ற நுரையாலான ரிமோட் விமானம் அது. உள்ளே தானாகப் பறக்க வைக்கும் கருவி. கூடவே ஒரு கேமரா. மொத்தச் செலவு 2,000 டாலருக்கும் குறைவு. கணினி வரைபடத்தில் வழியைக் குறித்துக் கொடுத்தால் போதும், தானே போய்ப் படமெடுத்துத் திரும்பிவிடும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 25 நிமிடம்.

படங்களில் யானைகளும் உராங்குட்டானும் பதிவாயின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவற்றைச் சுற்றித் தெரிந்த நிலம்: வெட்டிச் சாய்த்த மரங்கள், காட்டை ஒட்டி வரிசை வரிசையாகச் செம்பனை. செம்பனையின் எண்ணெயாக நம் அடுப்படிக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியத் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. இந்தக் காடழிப்பைச் செயற்கைக்கோளால் கண்காணிப்பது எளிதல்ல: வெப்பமண்டலக் காட்டின் மேல் மேகம் விலகுவது அபூர்வம். செயற்கைக்கோளின் கேமராவுக்குக் காட்டை அது மறைத்துவிடும். ட்ரோன் எனப்படும் இத்தகைய ஆளில்லாச் சிறு விமானமோ மேகத்துக்குக் கீழே பறக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு எடுத்த படங்களைக் கணினி ஒப்பிட்டுக் காட்டின் முப்பரிமாண வடிவத்தையே எழுப்பிவிடும். எந்த இடத்தில் இலைக்கூரை தாழ்ந்திருக்கிறது, எங்கே புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஆனாலும் கூடுகளில் பல இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தரையில் நடப்பவர் காணும் கூடுகளில் சிறு பங்கையே ட்ரோன் காண்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று அறியாமல் வான்படத்தை மட்டும் வைத்து எண்ணிக்கை சொல்வது ஆபத்து. நடந்து எண்ணுகிறவர்கள் இன்னும் தேவை.

அடுத்த முயற்சி ட்ரோனில் பொருத்திய வெப்பக் கேமரா. சூடான உடல் குளிர்ந்த இலைகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். வெயில் ஏறினால் இலைகளும் சூடாகி விலங்கு மறைந்துபோகும். எனவே அதிகாலையிலும் இருட்டிய பின்னுமே பறக்க வேண்டும். போர்னியோவின் சபா மாநிலத்தில் இப்படித் தேடிய, 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 41 உராங்குட்டான்கள் பதிவாயின. ஒவ்வொன்றையும் தரையில் நின்றவர்கள் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே அந்த எண் எழுதப்பட்டது.