இயங்கலைத் தமிழ்க் கற்பித்தலில் விசைப்பலகைத் தேர்வும் எழுத்தறிவும்

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரல் மாதம் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறின. அதுவரை விருப்பமுள்ள ஆசிரியர் சிலரின் முயற்சியாக இருந்த இயங்கலைக் கற்பித்தல், ஒரு சில வாரங்களில் எல்லாத் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாயிற்று. அப்பொழுது தொடங்கி, தளங்கள், காணொலிகள், புதிர்ப்போட்டிச் செயலிகள் ஆகியவை குறித்துப் பல பயிலரங்குகள் நடைபெற்றுள்ளன. ஆனால் மாணவர் தமிழை எந்த விசைப்பலகையில் உள்ளிடுகின்றனர் என்னும் வினா, கணினி அறிந்தவர் பார்த்துக்கொள்ளவேண்டிய சிறு செய்தியாகவே ஒதுக்கப்பட்டு வருகிறது. அவ்வினா மொழிக்கல்வியின் நடுவில் நிற்கும் ஒன்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

இன்று பரவலாக வழங்கும் உள்ளீட்டு முறைகளை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று, உரோமன் எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறை. மற்றொன்று, தமிழ் எழுத்துகளையே விசைகளில் அமைத்த தமிழ் 99 முறை. இது 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசால் தரமாக ஏற்கப்பட்டது. இந்த மாநாட்டு வரிசைக்கு 1997இல் சிங்கப்பூரே தொடக்கமிட்டது என்பதும், 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் கூடியது என்பதும் நம் வட்டாரத்தார் நினைவிற்கொள்ளத்தக்கவை. ஒலிபெயர்ப்பு முறையும் நமக்கு அயலானதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகவே நம்மில் பலர் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கினோம்.

ஒலிபெயர்ப்பு முறையில் நிகழ்வதைச் சற்று உற்று நோக்குவோம். உரோமன் எழுத்தில் ‘பி, ஏ, எல், எல், ஐ’ என்னும் ஐந்து விசைகளை மாணவர் அழுத்துகிறார். சொற்பரிந்துரை தரும் கைப்பேசிச் செயலி ‘பள்ளி’, ‘பல்லி’ என்னும் இரண்டையும் முன்வைக்கிறது. மாணவர் ஒன்றைத் தொடுகிறார். விடை சரியாக அமைந்தாலும், லகர ளகர வேறுபாட்டை அவர் நினைவிலிருந்து மீட்டெழுதவில்லை. கண்ணெதிரே காட்டப்பட்டவற்றுள் ஒன்றை அடையாளங்கண்டார், அவ்வளவே. அடையாளங்காணல் வாசிப்புத்திறனுக்கு உரியது, மீட்டெழுதுதலே எழுத்துத்திறன். இயங்கலையில் பிழையின்றிக் கட்டுரை அனுப்பும் மாணவர், தேர்வு மண்டபத்தில் தாளும் பேனாவுமாக அமர்ந்தவுடன் ணகர னகரங்களில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாளைக் கையால்தான் எழுதவேண்டும் என்பதை இங்கு மறத்தலாகாது.

பரிந்துரை இல்லாத ஒலிபெயர்ப்பு முறைகளிலும் இச்சிக்கல் முற்றிலும் நீங்குவதில்லை. அஞ்சல் விசைப்பலகையில் ‘என்’ என்னும் உரோமன் விசை சொல்லின் முதலில் நகரத்தையும், தகரத்திற்கு முன் நகர மெய்யையும், பிற இடங்களில் னகரத்தையும் தருகிறது. தட்டச்சு செய்வோர்க்கு இது பெரும் வசதி. எழுத்திலக்கணம் நன்கறிந்த ஒருவர் விரைந்து எழுத இதனினும் எளிய வழி இல்லை. ஆனால் நகர னகர வேறுபாட்டை இனிமேல்தான் கற்கவேண்டிய பத்து வயதுக் குழந்தையின் நிலை வேறு. அக்குழந்தை கற்கவேண்டிய விதியை மென்பொருள் ஓசையின்றி நிறைவேற்றிவிடுகிறது.

இனி, தமிழ் 99. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்க்குரிய விசையை அடுத்து உயிருக்குரிய விசையை அழுத்த உயிர்மெய் பிறக்கிறது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகியவற்றோடு புள்ளிக்கு ஒரு விசையும் இருந்தால் 247 எழுத்துகளும் கிடைத்துவிடுகின்றன. உயிர்மெய் அட்டவணையை மனனம் செய்து, அதன் அமைப்பு இன்னும் விளங்காத மாணவர்க்கு இதுவே ஒரு செய்முறைப் பாடமாகும்.

இதனினும் நுட்பமானது இன எழுத்து விதி. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய ஆறு இணைகளில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அழுத்தினால் மெல்லினம் தானே புள்ளி பெறும். ‘பந்து’ என எழுத ப, ந, த, உ என்னும் நான்கு விசைகள் போதும். நகரத்திற்குப் பதிலாக னகரத்தை அழுத்திய மாணவர்க்குத் திரையில் ‘பனது’ என்றே தோன்றும். புள்ளி வராமையே பிழையைச் சுட்டிவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையிடக் காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி இலக்கணத்தில் நாம் கற்பிக்கும் இன எழுத்துப் பாடமும் இவ்விசைப்பலகையின் விதியும் ஒன்றே என்பதை ஆசிரியர் எத்துணைப் பேர் வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறோம்?

தமிழ் 99 குறைபாடற்றதன்று. ககர விசையை அழுத்தினால் கிடைப்பது ‘க’ என்னும் அகரமேறிய எழுத்து. புள்ளி பின்னர் இடப்படுகிறது. ஒருங்குறியின் அமைப்பும் இதுவே: அங்கே ‘க’ ஒரு குறியீடு, ‘க்’ இரண்டு. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் என்று கற்பிக்கும் நம் மரபுக்கு இது தலைகீழானது. விந்தை என்னவெனில், இவ்வொன்றில் அஞ்சல் முறையே இலக்கணத்திற்கு நெருக்கமானது. அதில் மெய் முதலில் தோன்றி, அகரம் சேர்ந்த பின்னரே ‘க’ ஆகிறது. அன்றியும், ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே வருவதால், ‘பள்ளி’யில் ஒற்று இரட்டிப்பதை மாணவர் உணர்ந்து எழுதினாரா என்று அறிய இயலாது. இவற்றை ஆசிரியர் வாய்மொழியாக விளக்கியே நிரப்பவேண்டும்.

கருவிப் பற்றாக்குறை என்னும் காரணம் இங்கு வலுவானதன்று. ஆப்பிள் கைப்பேசிகளில் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டும் இணைக்கப்பட்டே வருகின்றன. பிற கைப்பேசிகளிலும் செல்லினம் போன்ற செயலிகள்வழி இவற்றைப் பெறலாம். உண்மையான தடை பழக்கமே. வகுப்பின் புலனக் குழுவில் ஆசிரியரே உரோமன் எழுத்தில் தமிழை எழுதி அனுப்பும்பொழுது, மாணவரிடம் வேறெதனை எதிர்பார்ப்பது?

எழுத்துகளைக் கையால் வரிவடிவம் பிறழாது எழுதும் பயிற்சி முதல் மூன்று ஆண்டுகளில் நிலைபெற்ற பின்னர், நான்காம் ஆண்டிலிருந்து தமிழ் 99 அறிமுகமாவது பொருத்தமாக இருக்கும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இடைநிலைப்பள்ளி மாணவர் கலந்துரையாடலுக்கும் படைப்பெழுத்துக்கும் தமக்கு இசைந்த முறையைக் கையாளலாம். ஆங்கே கருத்தோட்டமே முதன்மையானது. சொல்வதெழுதுதல், பிழைதிருத்தம் போன்ற பயிற்சிகளில் மட்டும் சொற்பரிந்துரையை அணைத்துவிட்டு எழுதுமாறு பணிக்கலாம். வீட்டில் பெற்றோரின் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு, கையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பும் வாய்ப்பும் இருத்தல் வேண்டும். அதற்காக மதிப்பெண் குறைத்தல் முறையன்று. ஒப்படைப்பு எம்முறையில் உள்ளிடப்பட்டது என்பதை மாணவர் அதன் தலைப்பில் ஒரு சொல்லில் குறித்தால், திருத்தும் ஆசிரியர் எப்பிழையைத் தேடவேண்டும் என்பது தெளிவாகும்: ஒலிபெயர்ப்பாயின் மயங்கொலிகளை, தமிழ் 99 ஆயின் விடுபட்ட புள்ளிகளை.