புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

2025 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தபோது, தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தின் முதல் மாவட்டமாக அரியலூர் நின்றது. மாநில அளவில் தேர்ச்சி 95.03 விழுக்காடு, அரியலூரில் 98.82. இதை ஓராண்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 விழுக்காட்டுடன் முதலிடம் பிடித்தது பக்கத்து மாவட்டமான பெரம்பலூர். பத்தாம் வகுப்புத் தேர்விலும் 2023-இல் பெரம்பலூரும் 2024-இல் அரியலூரும் முதலிடம் பெற்றன. இரண்டுமே பழைய திருச்சி மாவட்டத்தின் வறண்ட ஓரங்களாக இருந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2007-இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து நிலைபெற்றது. மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை என்று வாழும் மண் இது. பெருநகரப் பயிற்சி மையங்களின் துணையோ, பல தலைமுறைக் கல்வியின் பின்புலமோ பெரும்பாலான வீடுகளில் இல்லை. அப்படியிருந்தும் மாநிலத்துக்கே முன்னால் வந்து நிற்கிறார்கள் இந்தப் பிள்ளைகள்.

இந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். தேர்ச்சிக்குத் தேவை நூற்றுக்கு 35. அந்தக் கோட்டை ஏறத்தாழ எல்லோரும் தாண்டிவிட்ட மாவட்டத்தில், இனி ஒரு மாணவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது தேர்ச்சியைத் தாண்டிய இரண்டு விஷயங்கள்: எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பதும், கற்றதில் எவ்வளவு கல்லூரி வரை கூடவே வருகிறது என்பதும். இதற்கு இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் பதில். விடியற்காலை சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, அதன்பின் இரவு பதினொரு மணி வரை புத்தகம் என்று ஏற்கெனவே ஓடுகிற பிள்ளைகளிடம் இனிக் கேட்பதற்கு நேரம் மிச்சமில்லை. மாற வேண்டியது படிக்கும் முறை. புத்தகத்தைத் திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதுவதை அன்றாட வழக்கமாக்க வேண்டும். பிளஸ் டூ மாணவர் செய்யக்கூடிய மாற்றங்களில் செலவில்லாததும் பலன் மிகுந்ததும் இதுவே.

இதற்கான சான்று உறுதியானது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (செயின்ட் லூயிஸ்) ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்றுகள் வாசித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்றுகள் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முந்தியது: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவில் இருந்தது. வாசித்தவர்களுக்கு 40 மட்டுமே. இன்னொன்றும் தெரியவந்தது. தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். பழகிய பக்கத்தைப் பார்க்கும்போது ‘இது தெரியும்’ என்று தோன்றுகிறது. வெற்றுத்தாளில் விடையை வரவழைப்பது வேறு திறன். மார்ச் மாதத் தேர்வறையில் கேட்கப்படுவது அந்த இரண்டாவது திறன். ஆண்டு முழுவதும் முதலாவதை மட்டுமே பழகியவர், ‘நன்றாகத்தான் படித்தேன், எழுதும்போது வரவில்லை’ என்று கலங்குவதற்கு இதுவே காரணம். அவருடைய உழைப்பு உண்மை. அது போன திசைதான் தவறு. 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத் தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மிகுந்த பயனுள்ளவை என்று வகைப்படுத்தினார்கள். அடிக்கோடு இடுவதும் மறுவாசிப்பும் குறைந்த பயனுள்ள பட்டியலில் சேர்ந்தன.

நம் திண்ணைப் பள்ளி அறிந்திருந்தது

இந்த முறையை வெளிநாட்டுச் சரக்காக நினைக்க வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையரின் இளமைக் கல்வியில் பெரும்பகுதி இந்த மண்ணில்தான் நடந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கற்ற பிறகே அவர் மேலும் கற்க மாயூரத்துக்குப் போனார். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியின் ஒரு வழக்கத்தை அவர் தம் ‘என் சரித்திர’த்தில் பதிந்து வைத்திருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு ஏட்டின் துணையில்லாமல் நினைவிலிருந்து எடுத்தல்: இன்றைய ஆய்வுகள் வலியுறுத்தும் இரண்டு கூறுகளும் அந்தச் சிறு வழக்கத்தில் இருக்கின்றன. பாடம் சொல்வதும் ஒப்பிப்பதும் கல்வியின் முதுகெலும்பாக இருந்த மரபு நம்முடையது. அச்சுப் புத்தகமும் கைடும் எந்நேரமும் கையில் இருக்கும் காலத்தில் ஒப்பிக்கும் வழக்கம் தேய்ந்து, பார்த்துப் படிப்பதே படிப்பு என்றாகிவிட்டது.

இன்றைய பிளஸ் டூ மாணவருக்கு இது எப்படிப் பொருந்தும்? இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பகுதியைப் புரிந்து ஒருமுறை வாசித்த பிறகு புத்தகத்தை மூடி, ரஃப் நோட்டில் ஃபாரடே விதி, லென்ஸ் விதி, வருவித்தல், படம் என்று நினைவில் வருவதையெல்லாம் எழுத வேண்டும். திக்கித் திணறினாலும் உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது. தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை உறுதியாக்குகிறது. பிறகு திறந்து பார்த்து, விட்டுப்போனதையும் தவறியதையும் வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். இந்தத் திருத்தம் கட்டாயம். இல்லாவிட்டால் தவறே மனத்தில் படிந்துவிடும். அடுத்த முறை உட்காரும்போது அந்த வேறு நிற வரிகளிலிருந்து தொடங்கலாம். எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் இப்படித் தானாகவே உருவாகிறது. தெரிந்ததையே மறுபடி படித்து மணிக்கணக்கில் நேரம் கரைவது நிற்கிறது.

இடைவெளியும் கலவையும்

இதை ஒரே இரவில் பத்து முறை செய்வதைவிட, பத்து முறையைப் பல வாரங்களுக்குப் பரப்புவது மேல். மறதியின் வேகத்தை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே நழுவுகிறது. இடைவெளி விட்டு மீட்டெடுக்கும்போது அந்த நழுவல் மெதுவாகிறது. நமது பள்ளி நாள்காட்டியே இதற்கு உதவும்: செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அடுத்து திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜூலையில் நடந்த பாடத்தை அரையாண்டு வரை தொடாமல் விட்டுவிட்டு டிசம்பரில் புதிதாகத் தொடங்குவதில்தான் இழப்பு. மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று ஒரு பாடத்தைக் கால்மணி நேரம் மூடிய புத்தகத்தோடு தொட்டுக்கொண்டே வந்தால் திருப்புதல் தேர்வு உண்மையிலேயே திருப்புதலாக அமையும். பிளஸ் ஒன் பாடத்துக்கும் இதே கவனம் தேவை. 2017-18-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டிருக்கிறது. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்தப் புத்தகங்களை மூட்டை கட்டிவிடும் பழைய பழக்கம் திரும்பிவிடக் கூடாது. நீட், ஜேஇஇ இரண்டும் ஈராண்டுப் பாடத்திலிருந்தும் கேட்பவை; கல்லூரியின் முதலாண்டும் அப்படித்தான்.

கணக்கில் இன்னொரு படி உண்டு. ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டால் கை பழகும். எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று முடிவு செய்யும் திறன் பழகாது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடும், கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடும் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு. பிரித்துப் பயின்றவர்கள் 20. பொதுத்தேர்வு வினாத்தாள் எந்தப் பயிற்சியிலிருந்து வந்த கணக்கு என்று சொல்வதில்லை. ஆகவே ஒரு பயிற்சியை முடித்தபின், முந்தைய இரண்டு மூன்று அத்தியாயங்களின் கணக்குகளையும் கலந்து போட்டுப் பழக வேண்டும்.

எழும் மறுப்புகள்

‘புக் பேக் கேள்விகளை உருப்போட்டாலே மார்க் வந்துவிடும்போது இதெல்லாம் எதற்கு’ என்பார்கள் சிலர். உருப்போடுவதற்கும் இதே முறைதான் சிறந்தது என்பது முதல் பதில். இரண்டாவது, உருப்போட்டதன் எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று முன்கூட்டியே சொன்ன பழைய ப்ளூபிரிண்ட் முறை போனபின் பாடத்தின் எந்த மூலையிலிருந்தும் கேள்வி வரலாம். 70 மதிப்பெண் இயற்பியல் வினாத்தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்களும் கட்டாய வினாக்களும் அப்படி மூலை முடுக்கிலிருந்து வந்தால், கைடை மட்டும் நம்பியவர் திணறுவார். சொந்த வார்த்தையில் நினைவிலிருந்து எழுதிப் பழகியவருக்கு, புரியாத இடம் எழுதும்போதே தடுக்கும். அந்தத் தடையை வகுப்பறையில் ஆசிரியரிடம் கொண்டுபோக முடியும்.

‘ஏற்கெனவே டெஸ்ட் டெஸ்ட் என்று பிள்ளைகளை வாட்டுகிறார்கள், இன்னும் சோதனையா’ என்ற கேள்வி கனமானது. மாநிலத்தில் 2017-இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைக் கைவிட்டதற்கே இந்த அழுத்தம்தான் காரணம். இங்கே வேண்டுவது மதிப்பெண் போடாத, யாரும் பார்க்காத, தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் சோதனை. ஸ்லிப் டெஸ்ட் நல்ல கருவி. அதில் குறைந்தவரை வகுப்பின் முன் நிறுத்துவதும், அந்தத் தாளைப் பெற்றோருக்கு அனுப்பி அடி வாங்கிக் கொடுப்பதும்தான் அதைத் தண்டனையாக்குகின்றன. தவறு செய்ய இடம் தரும் சோதனை பயத்தைக் குறைக்கும். பொதுத்தேர்வு அன்று முதன்முறையாக வெற்றுத்தாளைச் சந்திக்கும் அதிர்ச்சியும் இராது.

‘கிராமத்துப் பிள்ளைக்குத் தனியறை உண்டா, நேரம் உண்டா’ என்றும் கேட்கலாம். திருப்புதல் தேர்வுகள் நடக்கும் தை மாதத்தில்தான் மக்காச்சோள அறுவடையும் பருத்தி எடுப்பும் மும்முரமாகின்றன. வீட்டில் எல்லாக் கைகளும் தேவைப்படும் காலம் அது. நேரம் குறைந்தவருக்கே இந்த முறை அதிகம் உதவும். பேருந்துப் பயணத்தில் புத்தகம் இல்லாமலே ஒரு பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு தோழியர் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அம்மாவுக்கு ஒரு பாடத்தை விளக்கிச் சொல்லலாம். தூக்கத்தைத் திருடி நேரம் சேர்ப்பது மட்டும் வேண்டாம். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. பகலில் கற்றது நினைவில் நிலைபெறுவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவில் கண் விழிப்பவர் கற்றதையே பணயம் வைக்கிறார்.

கடைசி மறுப்பு மற்ற எல்லாவற்றையும்விட ஆழமானது: படிப்பு முறையைப் பற்றியே பேசினால் சமூகத்தின் குறையை மாணவர் தலையில் கட்டுவதாகாதா? அரியலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. குழுமூர் அனிதா 2017 பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 எடுத்தவர். அந்த ஆண்டு நீட் மருத்துவக் கதவை அடைத்தது; செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவருடைய படிப்பிலோ உழைப்பிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்ட விதியைப் பாதியில் மாற்றிய ஏற்பாட்டின் குறை அது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததும், 2022-இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் நீதியின் பக்கம் நகர்ந்த படிகள். அத்தகைய படிகளை எந்தப் படிப்பு முறையாலும் ஈடுசெய்ய முடியாது. அவற்றுக்காகக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. ஆனால் நீதி வரும்வரை காத்திருக்கும் பிள்ளையிடம், அதுவரை பலன் குறைந்த வழியிலேயே உழைத்துக்கொண்டிரு என்று சொல்வதும் அநீதிதான். நல்ல முறையை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பயிற்சி மையத்தில் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்கிறது. அதையே அரசுப் பள்ளி வகுப்பறையில் இலவசமாகக் கற்றுக்கொடுப்பதும் சமநீதியின் ஒரு பகுதி.

ஆகவே பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சிறப்பு வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் புத்தகம் மூடிய நேரமாக அறிவியுங்கள்; அதில் எழுதுவதற்கு மதிப்பெண் போடாதீர்கள், திருத்திக்கொள்ள மட்டும் உதவுங்கள். பெற்றோரே, பிள்ளை எத்தனை மணி நேரம் புத்தகத்தின் முன் இருந்தது என்று எண்ணாதீர்கள். இன்று படித்ததை எனக்கும் சொல் என்று கேளுங்கள். மாணவர்களே, இன்றிரவு ஒரே ஒரு பாடத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், எழுதுங்கள், திருத்துங்கள். வராத விடையைக் கண்டு மனம் உடையாதீர்கள். இன்று ரஃப் நோட்டில் வராத விடையை மார்ச்சுக்குள் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.