தாபரிப்புக் கட்டளையும் நிலுவைப் பணமும்

பிள்ளைக்கான தாபரிப்புக் கட்டளை கிடைத்துவிட்டால் பணமும் வந்து சேரும் எனத் தாய்மார் பலர் நம்புகின்றனர். அநேகமாக அலைச்சல் அதன் பின்னரே ஆரம்பமாகின்றது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், நிலுவையைத் தண்டப்பணம் போன்று அறவிடவும், தந்தையின் சம்பளத்திலிருந்து கழிக்கும்படி தொழில்தருநருக்குக் கட்டளையிடவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. செலுத்தப்படாத ஒவ்வொரு மாதக் கொடுப்பனவுக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சிறையிலிருப்பவர் உழைக்கப் போவதில்லை. ஆகவே மாதச் சம்பளம் பெறுபவரிடம் சம்பளக் கழிப்பே பிள்ளைக்குப் பயன் தரும் என்பது எமது கருத்து. நாட்கூலி பெறுபவரிடம் அதற்கும் வழியில்லை.

முஸ்லிம் தாய்மாரின் பாடு மேலும் சிரமமானது. காதி நீதிமன்றம் தாபரிப்பைத் தீர்மானித்தாலும், நிலுவையை அறவிடுவதற்கு நீதவான் நீதிமன்றத்தையே நாட வேண்டும். பிள்ளையின் பால்மாவுக்காக ஒரு தாய் இரண்டு நீதிமன்றங்களின் படியேறுகின்றார்.