ஹாம்பர்க்கில் எழுந்த லண்டன்

1961-இல் வந்த ‘லண்டனின் உயிரற்ற கண்கள்’ என்ற ஜெர்மன் படத்தில் வயதான ஒருவர் பல்லைச் சுத்தம் செய்கிறார். கேமரா அவருடைய வாய்க்குள் இருக்கிறது. திரையை அடைத்து நிற்கும் பல்வரிசையின் மீது தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. கதைக்கு இது தேவையே இல்லை. ஆனால் பார்க்கிற நமக்கு உடம்பு கூசிப்போகிறது. துப்பறியும் கதையை நடத்திக்கொண்டே இப்படிக் கூச வைப்பதில் கைதேர்ந்தவர், இயக்குநர் ஆல்ஃபிரெட் ஃபோரர்.

இந்தப் படமும் இதே வரிசையில் வந்த மற்றப் படங்களும் எடுத்துக்கொண்ட கதைகள் ஆங்கில எழுத்தாளர் எட்கர் வாலஸுடையவை. அவர் 1932-இலேயே காலமாகிவிட்டார். ஜெர்மனியில் அவருக்கு வாசகர்கள் ஏராளம். 1959-இல் ரியால்டோ திரைப்பட நிறுவனம் அவருடைய ‘முகமூடித் தவளை’யைப் படமாக்கியது. அது நன்றாக ஓடவே, 1972 வரை 32 படங்கள் வந்தன. அவற்றில் 14 ஃபோரருடையவை.

கதை நடப்பது லண்டனில். படப்பிடிப்பு பெரும்பாலும் ஹாம்பர்க்கிலும் பெர்லினிலும். உண்மையான லண்டன் காட்சிகளை அங்கங்கே ஒட்டிக்கொள்வார்கள். மிச்சத்தைப் புகைமூட்டமும் இருட்டும் பார்த்துக்கொள்ளும். இந்தப் படங்களின் வசீகரம் இந்தப் பொய் லண்டனில்தான் இருக்கிறது என்பேன். நிஜ ஊரில் அடுத்த தெரு எங்கே போகும் என்று தெரியும். இங்கே மூடுபனிக்கு அப்பால் எதுவும் இருக்கலாம். நிழலையே பயமாக்கும் வித்தை ஜெர்மன் சினிமாவுக்குப் புதிதல்ல. 1920-இன் ‘டாக்டர் காலிகாரி’ படத்திலேயே அது உண்டு.

‘உயிரற்ற கண்க’ளில் பணக்கார முதியவர்கள் பனி இரவுகளில் ஒவ்வொருவராகத் தேம்ஸ் நதியில் பிணமாகக் கிடைக்கிறார்கள். எல்லோரும் ஒரே கம்பெனியில் காப்பீடு எடுத்தவர்கள். ஒரு பிணத்திடம் பிரெய்ல் எழுத்துள்ள காகிதத் துண்டு கிடைக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் பணத்துக்காக நடக்கும் கொலைகள். ஆனால் கொலை செய்ய வருகிறவன் பால்வெள்ளைக் கண்களும் மயிரடர்ந்த கைகளுமாக, மல்யுத்த வீரர் ஆடி பெர்பர். காரணம் விளங்கிய பிறகும் அந்தக் கைகள் மனதை விட்டுப் போவதில்லை. துப்பறியும் கதை முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. பயத்தை அப்படியே விட்டுவிடுகிறது. பார்வையற்றவர்களைப் பூச்சாண்டியாக்கியிருப்பது மட்டும் இன்று உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

முகங்களும் பழகிப்போனவை. துப்பறிகிறவராக அடிக்கடி வருபவர் யோவாகிம் ஃபுக்ஸ்பெர்கர். சிரிக்க வைப்பவர் எடி ஆரென்ட். கண்ணை உருட்டிக்கொண்டு கிளாஸ் கின்ஸ்கி வந்தாலே சந்தேகம் அவர்மேல் விழும். ஆனால் பல படங்களில் அவர் குற்றவாளியே இல்லை.

1966-இல் ‘சோஹோவின் கூனன்’ படத்தோடு வண்ணம் வந்தது. இருட்டின் பலம் பாதி குறைந்தது. ஆனால் 1967-இன் ‘சாட்டை ஏந்திய துறவி’யில் ஃபோரர் வண்ணத்தையே ஆயுதமாக்கினார்: தலை முதல் கால்வரை செக்கச்சிவந்த அங்கி, கூர் முக்காடு, கையில் வெள்ளைச் சாட்டை. பெண்கள் விடுதிப் பள்ளியைச் சுற்றி அந்தச் சிவப்பு நடமாடும்போது பனிமூட்டமே தேவைப்படவில்லை.

இத்தாலியர்கள் இந்தப் பாணியை எடுத்துக்கொண்டு இன்னும் குரூரமாக்கினார்கள். கடைசியில் ரியால்டோவே அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. லண்டன் பெண்கள் பள்ளி ஒன்றைச் சுற்றி நடக்கும் கொலைகளைச் சொல்லும் மாஸிமோ தல்லமானோவின் ‘சொலாஞ்ஜ்’ படமும், ஜெர்மனியில் வாலஸ் வரிசையிலேயே வெளியானது.