காலம் தவறாத சோதனையே முதல் சிகிச்சை

இராயபுரத்தில் 1880-ஆம் ஆண்டில் ராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் தோன்றி, இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, மக்கள் வழக்கில் ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ என்று அறியப்படும் மகப்பேறு மருத்துவமனை, வடசென்னையின் பல தலைமுறைகள் பிறந்த இடமாகும். அது தோன்றிய காலத்தில் பேறுகாலத்தில் தாயும் சேயும் உயிர் பிழைப்பதே மருத்துவத்தின் முதற்கவலையாக இருந்தது. அக்கவலை பெரிதும் தணிந்துவிட்ட இந்நாளில், கருவே தங்காமை என்னும் வேறொரு கவலை முப்பதைக் கடந்து மணம் புரிந்தோரிடையிலும், வேலை உறுதிப்படட்டும் என்று பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டோரிடையிலும் வலுப்பெற்று வருகிறது.

ஓராண்டுக் காலம் கருத்தடை ஏதுமின்றி இல்லறம் நடத்தியும் கரு உண்டாகாத நிலையை மருத்துவம் குழந்தைப்பேறின்மை என வரையறுக்கிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாக இருக்கிறது. அப்படியிருந்தும், ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுவதும், பரிசோதனைகளும் விரதங்களும் அவள் மீதே சுமத்தப்படுவதும் நம் குடும்பங்களில் இன்னும் மாறவில்லை. இவ்வாறு வீணாகும் ஆண்டுகளை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது என்பதற்கான காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது.

கருமுட்டைக்கும் வயது உண்டு

ஒரு பெண் தன் தாயின் கருவில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய கருவகங்களில் 60 முதல் 70 இலட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகவும், பூப்பெய்தும்போது 3 முதல் 4 இலட்சமாகவும் குறைந்துவிடும் இவற்றுள், வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே. எஞ்சியவை மாதந்தோறும் தாமாகவே சிதைந்து மறைகின்றன. 37 வயதளவில் இருப்பு ஏறக்குறைய 25,000 ஆகச் சுருங்குகிறது. கருவகத்திலுள்ள நுண்பைகள் சுரக்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் அளந்தும், அந்நுண்பைகளை ஸ்கேனில் எண்ணியும் இவ்விருப்பை மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானது தரம். கருமுட்டை தன் குரோமோசோம்களை, அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளை, சரிபாதியாகப் பிரிக்கும் வேலையைச் சிசுப் பருவத்திலேயே தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, அது முதிர்ந்து வெளிவரும் மாதம்வரை பல பத்தாண்டுகள் காத்திருக்கிறது. அக்காலமெல்லாம் இழைகளை இணைத்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்ற புரதம், வெயிலிலும் உப்பிலும் நெடுநாள் கிடந்த வலைக்கயிறு இற்றுப்போவதைப் போல நலிவதால், பிரிவினையின்போது ஓர் இழை கூடியோ குறைந்தோ போகிறது. அத்தகைய கருக்களில் பெரும்பாலானவை பதியாமலோ சில வாரங்களில் கலைந்தோ போகின்றன. நார்வே நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதுவரை ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த கருச்சிதைவு, 45-ஐக் கடந்தோரிடம் பாதிக்கு மேல் உயர்ந்திருந்தது. 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் உண்டாகும் டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பும், தாயின் 25 வயதில் ஏறத்தாழ 1,250-க்கு ஒன்றாகவும், 35-இல் 350-க்கு ஒன்றாகவும், 40-இல் 100-க்கு ஒன்றாகவும் மாறுகிறது.

இந்தியப் பெண்கள் இதில் கூடுதலாக ஒன்றைக் கருத வேண்டும். மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 51 ஆக இருக்க, இந்தியாவில் அது 46, 47 என்ற அளவிலேயே உள்ளது. சிகிச்சைக்கு வந்த இந்தியப் பெண்களையும் ஸ்பெயின் நாட்டுப் பெண்களையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வு, இந்தியப் பெண்களின் கருவகங்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முந்தி முதுமையடைந்த நிலையைக் காட்டியது. ஆகவே மேலை நாட்டு நூல்கள் கூறும் வயதெல்லைகளை நம்பி இங்கே காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

ஆணும் அவன் தொழிலும்

பெண்ணின் கருமுட்டைகள் புதிதாக உண்டாவதில்லை. ஆணின் விந்தணுக்களோ ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை முற்றிலும் புதிதாக உருவாகி வருகின்றன. இடைவிடாத இந்தப் படியெடுப்பில் பிழைகள் சேர்வதும் உண்டு: தந்தையின் வயது ஓராண்டு கூடுந்தோறும் குழந்தைக்குச் செல்லும் புதிய மரபணு மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடுவதை ஐஸ்லாந்து நாட்டுக் குடும்பங்களில் நடந்த ஆய்வு 2012-இல் காட்டியது. ஆயினும் கெடுதலுக்கான காரணத்தை விலக்கினால், பல நேரங்களில் மூன்று மாதங்களில் புதிய, நல்ல விந்தணுக்கள் உண்டாக வழியிருக்கிறது என்பது அதே உண்மையின் மறுபக்கமாகும்.

விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த சூழல் தேவை என்பதால்தான் விரைப்பை உடலுக்கு வெளியே அமைந்துள்ளது. உலைக்களத்தருகே வார்ப்பு வேலை செய்வோர், நாள் முழுவதும் வெல்டிங் செய்வோர், படகு எஞ்சினருகே அமர்ந்து பல நாள் கடலில் கழிப்போர், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் சூடேறிய இருக்கைகளில் மணிக்கணக்கில் அமர்ந்திருப்போர் ஆகியோரின் வேலைச் சூழல் இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரானது. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாகனம் ஓட்டினாலே விரைப்பையின் வெப்பம் உயர்வதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர்.

வெப்பத்தோடு வேதிப்பொருள்களும் சேர்கின்றன. 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களில் பலருக்கும் அண்மைக் காலத்தில் குழந்தையே பிறக்கவில்லை என்பதைத் தமக்குள் பேசிக்கொண்டபோதே உணர்ந்தனர். பரிசோதித்துப் பார்த்ததில், நெடுங்காலம் அதைக் கையாண்டோரிடம் விந்தணுக்கள் மிகக் குறைந்தோ இல்லாமலோ இருந்தன. இரண்டே ஆண்டுகளில் அந்நாடு அப்பொருளின் பயன்பாட்டை ஏறத்தாழ முற்றிலும் தடை செய்தது. ஈயமும் சிலவகைக் கரைப்பான்களும் விந்தணுக்களைப் பாதிப்பதும், புகையிலை விந்தணுக்களைக் கெடுப்பதோடு பெண்ணின் கருமுட்டை இருப்பையும் விரைந்து கரைத்து, மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கக் காரணமாவதும் உறுதிப்பட்ட உண்மைகள். வடசென்னையில் மலிந்துள்ள பீடியும் மாவாவும் இக்கணக்கில் அடங்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் மணலியைக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் அவர்களுடைய கருவளத்துக்கும் உள்ள தொடர்பை நேரில் ஆராய்வது அரசின் கடமையாகும். அந்த ஆய்வு, நுரையீரல் நோய்க் கணக்கோடு நின்றுவிடாமல், கருச்சிதைவையும் குழந்தைப்பேறின்மையையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

எப்போது, எந்தச் சோதனை?

மனைவிக்கு வயது 35-க்குள் இருந்தால் ஓராண்டு முயன்ற பின்னும், 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களுக்குப் பின்னும், 40-ஐக் கடந்திருந்தால் தாமதமின்றியும் மருத்துவரை அணுக வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. மாதவிடாய் ஒழுங்கின்மை, காசநோய், அடிவயிற்று அறுவை சிகிச்சை ஆகியவை முன்பு இருந்திருந்தால் எந்த வயதிலும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் நாளிலேயே கணவரின் விந்துப் பரிசோதனையும் நடக்க வேண்டும், ஏனெனில் வலியும் ஊசியும் இல்லாத, செலவு குறைந்த சோதனை அதுவே. பெண்ணுக்குத் தைராய்டு, சர்க்கரை, ஏ.எம்.எச். அளவுகளோடு, கருப்பையிலிருந்து கருக்குழாய்களுக்குள் சாயத்தைச் செலுத்தி, அடைப்பு உண்டா என்று எக்ஸ்ரேயில் காணும் சோதனையும் செய்யப்படுகிறது. இந்தியாவில் கருக்குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம், நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே பரவி, இருமலோ காய்ச்சலோ இன்றி மறைந்திருக்கும் பிறப்புறுப்புக் காசநோய். காசநோயை வீட்டிலிருந்தே மருந்துண்டு குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிறுவியது சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையமே. மருந்து கிருமியை அழித்தாலும் முன்பே சிதைந்த குழாய் பெரும்பாலும் சீராவதில்லை என்பதால், இந்நோயையும் விரைவில் கண்டறிவதே பயன் தரும்.

குழாய்கள் இரண்டும் அடைபட்டோர்க்குக் கைகொடுப்பது, கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, உண்டாகும் கருவைக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். முறையாகும். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுனும், அவ்வாண்டு அக்டோபரில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தையும் இம்முறையில் பிறந்தனர். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் பிறந்தது. ஆயினும் இம்முறையும் வயதை வெல்வதில்லை. பெண் தன் சொந்தக் கருமுட்டையைப் பயன்படுத்தும்போது, கருப்பையில் வைக்கப்படும் ஒவ்வொரு கருவும் குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு, பிரித்தானியக் கணக்குகளின்படி 35 வயதுக்குட்பட்டோர்க்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் ஏறத்தாழ இருபதில் ஒன்று.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிகிச்சைக்கான வயதெல்லையைப் பெண்ணுக்கு 50 என்றும் ஆணுக்கு 55 என்றும் வகுத்து, கருமுட்டைக் கொடையாளர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறையே கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்துகிறது. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்ட கொடுமை 2022-இல் வெளிப்பட்டதை எண்ணினால், இக்கட்டுப்பாட்டின் தேவை விளங்கும்.

கரு தங்கிய பிறகும் கவனம் குறையலாகாது. வயது கூடிய கர்ப்பத்தில் இரத்த அழுத்தமும் கர்ப்பகால நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி; ஆனால் மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பால் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற ஏற்பாடு 2007-இலேயே தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்திருப்பதால், ஏழைப் பெண்ணுக்கும் இங்கே அப்பாதுகாப்பு கிடைக்கிறது.

குழந்தைப்பேறின்மைச் சிகிச்சைக்கும் அத்தகைய பொது ஏற்பாடு வேண்டும். தனியார் மையங்களில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். சிகிச்சைக்கே ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் நிலையில், ஒப்பந்தத் தொழிலாளியும் மீன் விற்கும் பெண்ணும் நகையை அடகு வைத்தே அதைத் தொட முடியும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். அவ்வசதி இராயபுரத்துக்கும் வர வேண்டும், திருவொற்றியூர், எண்ணூர் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் தம்பதியர் இருவருக்குமான முதற்கட்டச் சோதனைகள் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். குடும்பங்கள் செய்ய வேண்டியது அதனினும் எளிது: கோயிலில் தொட்டில் கட்டும் நம்பிக்கையோடு மருத்துவச் சோதனையையும் சேர்த்துக்கொள்வதும், மருமகளை அனுப்பும் அதே நாளில் மகனையும் அனுப்பிவைப்பதுமே அது.