ஆய்வு நிதி நின்றபோது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன?

2025 ஏப்ரல் 14ஆம் திகதி, ட்ரம்ப் நிர்வாகம் விதித்த நிபந்தனைகளை ஏற்க முடியாதென ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அறிவித்தது. சில மணித்தியாலங்களுக்குள் அதற்குரிய 2.2 பில்லியன் டொலர் சமஷ்டி அரச நிதி முடக்கப்பட்டது. 50 பில்லியன் டொலருக்கு மேல் சொத்து நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் இதற்கு ஏன் கலங்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா தெரிந்தெடுத்த வழியில் இதற்கான பதில் இருக்கிறது. அடிப்படை ஆய்வைப் பெருமளவில் பல்கலைக்கழகங்களிடம் விட்டு, செலவை அரசு ஏற்றுக்கொண்டது. 1945இல் வனெவர் புஷ் சமர்ப்பித்த அறிக்கை இதற்கு அடித்தளமிட்டது. 1950இல் தேசிய விஞ்ஞான மன்றம் உருவானது. மருத்துவ ஆய்வுக்கான நிதியைப் பெரும்பாலும் தேசிய சுகாதார நிறுவகங்கள் வழங்குகின்றன.

மானியம் கிடைத்தது என்றால் முழுப் பணமும் கைக்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் பல்கலைக்கழகமே முதலில் செலவழித்து, பின்னர் அரசிடமிருந்து அதைப் பெறுகிறது. ஆகவே நிதி நின்ற நாளிலேயே சம்பளப் பிரச்சினை தொடங்கிவிடும். ஆய்வுகூட விலங்குகளுக்கு உணவு வேண்டும், உறைகுளிரில் உள்ள மாதிரிகளுக்கு மின்சாரம் வேண்டும். சொத்து நிதியின் பெரும்பகுதியோ நன்கொடையாளர் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே உரியது. கோயில் திருவிழா உபயத்துக்கென்று எழுதிவைத்த வயலின் வருமானத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட முடியாது அல்லவா?

கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுகளுக்கும் அரசு தனியே பணம் கொடுக்கிறது. ஹார்வர்டுக்கு இந்த வீதம் 69 ஆக இருந்தது. 2025 பெப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவகங்கள் இதனை எல்லோருக்கும் 15 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தன. நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் அச்சம் பரவிவிட்டது.

பல்கலைக்கழகங்கள் முதலில் செய்தது கதவைச் சாத்துவதுதான். ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.ரி., ஹார்வர்ட் ஆகியவை புதிய நியமனங்களை நிறுத்தின. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, கலாநிதிப் பட்ட மாணவர்களுக்கு வழங்கிய அனுமதிகளை மீளப் பெற்றது. யுஎஸ்எய்ட் உதவியில் 800 மில்லியன் டொலரை இழந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் 2,000இற்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு வெளியே, 44 நாடுகளில் இருந்தவை.

அடுத்த வழி சொந்தப் பணம். ஹார்வர்ட் ஆய்வுகளைத் தாங்கிப்பிடிக்க 250 மில்லியன் டொலரை ஒதுக்கியது. முடக்கப்பட்ட தொகையுடன் ஒப்பிட்டால் இது எட்டில் ஒரு பங்குகூட வராது.

மூன்றாவது, நீதிமன்றம். 2025 செப்டெம்பர் 3ஆம் திகதி ஹார்வர்டின் நிதியை முடக்கியது சட்டவிரோதம் என்று சமஷ்டி நீதிபதி அலிசன் பரோஸ் தீர்ப்பளித்தார். ஆனால் அதற்கு முந்திய மாதம், வேறொரு வழக்கில், சுகாதார ஆய்வு மானியங்களை நிறுத்த அமெரிக்க உயர் நீதிமன்றம் 5இற்கு 4 என்ற பெரும்பான்மையில் இடமளித்திருந்தது. வழக்கில் வென்றாலும் காலம் போய்விடுகிறது.

நான்காவது, இணக்கம். 400 மில்லியன் டொலர் மானியத்தை இழந்த கொலம்பியா, 2025 ஜூலையில் 200 மில்லியன் டொலரை மூன்று ஆண்டுகளில் செலுத்த உடன்பட்டது. இதற்கு மேலாக, ஊழியர் பாகுபாட்டு விசாரணையை முடிக்க 21 மில்லியன் டொலர். பிரவுண் பல்கலைக்கழகம் 50 மில்லியன் டொலரைத் தொழிற்பயிற்சி அமைப்புகளுக்கு வழங்க இணங்கியது. பணம் திரும்பியது உண்மை. ஆனால் ஒருமுறை விலை பேசப்பட்ட சுயாதீனத்துக்கு அடுத்த முறையும் விலை கேட்கப்படலாம் என்பதே என் கவலை.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரே ஒழுங்கு தெரிகிறது. நிரந்தரப் பேராசிரியர் கடைசியாகத்தான் பாதிக்கப்படுகிறார். முதலில் போவது ஒப்பந்த ஊழியரும், இன்னும் உள்ளே வராத மாணவருமே. வராதவரின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நமது விஞ்ஞானப் பட்டதாரிகள் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் செய்வது பெரும்பாலும் இந்த மானியங்களிலிருந்து வரும் உதவித்தொகையில்தான். அங்கே போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதிசெய்யப்பட்டுள்ளது, அது பேராசிரியரின் மானியத்திலிருந்து வருகிறதா பல்கலைக்கழகத்தின் நிதியிலிருந்தா, அந்த மானியம் எப்போது முடிகிறது, நின்றுபோனால் பொறுப்பேற்பது யார் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதை எந்த நல்ல பேராசிரியரும் தவறாக எடுக்கமாட்டார். இன்று அவரும் அதே கேள்விகளுக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்.