வீடும் ஒரு சரக்குதான், கணக்குதான் வேறு

துவரம்பருப்பு வரத்து குறைந்தால் விலை ஏறும். புதுச் சரக்கு மண்டிக்கு வந்ததும் இறங்கும். இதை வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கடையில் ஐம்பது பைசாவுக்குக் கணக்குப் பார்க்கும் நாமே, மனையோ வீடோ வாங்கப் போனால் தரகர் சொல்லும் விலையையும், "வரி குறைந்துவிட்டது" என்ற பேச்சையும் நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். ஆயுள் முழுதும் சேர்த்த பணம் போகிற இடம் அது. ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வரத்து. ஓர் ஊரில் பருப்பு கிடைக்காவிட்டால் வேறு ஊரிலிருந்து லாரியில் வரவழைக்கலாம். கடைவீதிக்கு அருகிலுள்ள மனையை அப்படி வரவழைக்க முடியாது. உள்ள இடத்தில் மாடி கட்டலாம் என்றால் அனுமதி வாங்கிக் கட்டி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் தேவை கூடியதும் முதலில் ஏறுவது விலை. வீடுகள் பிறகுதான் வருகின்றன.

அடுத்தது தேவை. இது வட்டியோடு சேர்ந்து நகர்கிறது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் 7 சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். 9 சதவீதத்துக்குச் சுமார் 26,990 ரூபாய். வட்டி குறையும்போது வாங்குபவரின் கை நீளுகிறது. மனை கூடுவதில்லை. ஆகவே வட்டியில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு விலை ஏற்றமாக விற்பவரிடம் போய்ச் சேருகிறது.

மூன்றாவது வரி. தமிழ்நாட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூனுக்கு முன் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் உள்ள மனைக்குச் செலவு 2,40,000 ரூபாய். அந்த ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணமோ 4 சதவீதமாக ஏறியது. 20,10,000 ரூபாய்க்கு 11 சதவீதம் என்றால் 2,21,100 ரூபாய். மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் மிச்சம் 19,000 ரூபாய்க்குள்தான். உண்மை விலை 30 லட்சத்தை அப்படியே எழுதியவருக்கோ 3,30,000 ரூபாய் ஆயிற்று! 2023 ஏப்ரலில் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. மதிப்பு பழைய நிலைக்கு ஏறியது. 30 லட்சத்துக்கு 9 சதவீதம் 2,70,000 ரூபாய். சதவீதம் குறைந்தது, குறைந்த மதிப்பில் எழுதி வந்தவருக்குச் செலவு கூடியது.

இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? வழக்கப்படி வாங்குபவர் கட்டுகிறார். ஆனால் பல வீடுகள் விலைபோகாமல் நிற்கும் இடத்தில், அதை விலையில் குறைத்துக் கேட்க அவருக்கு வழி உண்டு. விற்பவர் ஒருவர், கேட்பவர் பத்துப்பேர் என்றால் முழுச் சுமையும் வாங்குபவருக்கே. கைமாறும்போதெல்லாம் பெரும் தொகை போவதால், வீட்டை மாற்ற நினைப்பவரும் விற்காமல் இருந்துவிடுகிறார். சந்தைக்கு வரும் வீடுகள் மேலும் குறைகின்றன.

இதற்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதுவோர் நம்மிலும் உண்டு. 50 லட்சத்துக்கு வாங்கி 35 லட்சம் என்று எழுதினால் 9 சதவீதக் கணக்கில் இன்று மிச்சம் 1,35,000 ரூபாய். சில ஆண்டுகள் கழித்து 60 லட்சத்துக்கு முறையாக விற்கும்போது லாபம் 10 லட்சமாக இராது. 25 லட்சமாகத் தெரியும். 2024 ஜூலை 23க்குப் பின் வாங்கும் சொத்தில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கச் சலுகை கிடையாது. அதிகப்படி 15 லட்சத்துக்கு மட்டும் 1,87,500 ரூபாய். மிச்சம் பிடித்ததைவிட இழப்பு அதிகம். தவிர, 2015 ஜூன் முதல் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது தடை. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் வரலாம்.

ஆகவே உறுப்பினர்கள் முன்பணம் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யவேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் அன்றைய வழிகாட்டி மதிப்பைப் பார்த்துப் பத்திரச் செலவைக் கணக்கிடுங்கள். அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் விற்பனைக்கும் வாடகைக்கும் காலியாக நிற்கின்றன என்று ஒருமுறை நடந்து பாருங்கள். வட்டி 2 சதவீதம் ஏறினாலும் கடை வருமானத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். சரக்குக் கொள்முதலில் காட்டும் கவனத்தைச் சொந்த வீட்டிலும் காட்டினால் நம் முதலுக்கு மோசம் வராது.